தும்பா சொல்லும் வெளிநாட்டுக் கொள்கை

வெளிநாட்டுக் கொள்கை என்றதும் டெல்லியும் ஐ.நா. சபையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓர் ஏழை நாடு வல்லரசுகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, கரமனையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தும்பாவைத்தான் சொல்கிறேன்.

என் தம்பி மகள் அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. படிக்கிறாள். சர்வதேச உறவுகள் பற்றிய அவளது புத்தகங்களை நானும் பொழுதுபோக்காகப் படித்து வந்தேன். "பெரியப்பா, இதெல்லாம் பெரிய நாடுகளை வைத்து எழுதினது. நம்ம மாதிரி நாட்டுக்குச் சரிப்படுமா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளங்களோடும் பாலங்களோடும் காலம் தள்ளியவன். புதிதாக ஒரு பாலம் கட்டினால் பாரம் ஏற்றிப் பார்த்த பிறகே அதன்மேல் வண்டி விடுவோம். அதேபோல இந்தக் கோட்பாடுகளின் மேல் தும்பாவை ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

கோட்பாடுகள் பல. முக்கியமானவை மூன்று. முதலாவது யதார்த்தவாதம். ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948இல் எழுதிய நூலாலும், கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய நூலாலும் பெயர் பெற்றது. நாடுகளுக்கு மேலே ஒரு போலீஸ்காரர் கிடையாது, எனவே ஒவ்வொரு நாடும் தன் பலத்தையும் பாதுகாப்பையும் மட்டுமே பார்க்கும் என்பது இதன் சாரம். இரண்டாவது, ராபர்ட் கியோஹேன், ஜோசப் நை ஆகியோர் 1977இல் விளக்கிய பரஸ்பரச் சார்பு. வியாபாரம், விஞ்ஞானம், சர்வதேச அமைப்புகள் ஆகியவற்றால் நாடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஆயுத பலம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பார்கள். மூன்றாவது லத்தீன் அமெரிக்காவில் வளர்ந்த சார்புக் கோட்பாடு. பணக்கார நாடுகளிடம் வாங்கும் ஏழை நாடு என்றும் வாங்கிக்கொண்டே இருக்கும்படிதான் உலக ஏற்பாடு இருக்கிறது என்பது இவர்கள் வாதம்.

இப்போது 1963க்கு வருவோம். முந்தைய ஆண்டுதான் சீனாவுடன் போர் நடந்து, அமெரிக்காவிடம் ராணுவ உதவி கேட்கும் நிலைக்கு நேரு தள்ளப்பட்டிருந்தார். யதார்த்தவாதக் கணக்குப்படி இந்தியா அத்துடன் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தும்பாவில் நடந்தது வேறு. 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக்-அபாச்சி அமெரிக்கா கொடுத்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் கொடுத்தது. ஹெலிகாப்டரும் கம்ப்யூட்டரும் சோவியத் யூனியனிலிருந்து வந்தன. பனிப்போரின் எதிரிகள் தென்னந்தோப்பு சூழ்ந்த ஒரு மீனவ கிராமத்தில் ஒரே வேலைக்குக் கை கொடுத்தார்கள். அன்று மாலை வானத்தில் படர்ந்த ஆரஞ்சு நிற மேகத்தை ஊரே பார்த்தது என்று என் தாயார் சொல்வார். அப்போது நான் மூன்று வயதுப் பிள்ளை.

இது அமெரிக்காவின் தயாள குணம் என்று எண்ணிவிட வேண்டாம். தன் ராணுவ ஒப்பந்தங்களில் சேர்ந்திருந்த பாகிஸ்தானுக்கும் அமெரிக்கா உதவியது. அவர்களுடைய முதல் ராக்கெட் 1962 ஜூன் மாதம், நமக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, சோன்மியானியிலிருந்து கிளம்பிவிட்டது. அணியில் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் கிடைத்ததென்றால், 'நண்பன், எதிரி' கணக்கு மட்டும் இதை விளக்கப் போதாது.

விளக்கம் பூமியின் காந்தப் புலத்தில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக் கோள் அவ்வளவு தாழப் பறக்காது. அதை அளக்கச் சிறிய ராக்கெட்தான் வேண்டும், அதையும் இந்தக் கோட்டின் அருகிலிருந்தே விட வேண்டும். ஆக, விக்ரம் சாராபாய் வெறுங்கையோடு போய் நிற்கவில்லை. நம்மிடம் பணமில்லை, ராக்கெட் இல்லை, ஆனால் எல்லா விஞ்ஞானிகளுக்கும் தேவைப்பட்ட இடம் இருந்தது. பரஸ்பரச் சார்பு என்று நூல்கள் சொல்வது இதைத்தான். 1968 பிப்ரவரி 2ஆம் தேதி இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார். எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் திறந்து வைத்த இடம் என்று ஆனபின், எந்த ஒரு வல்லரசும் அதைத் தன் தளம் என்று சொல்லிக்கொள்ள முடியாதல்லவா?

அந்த இடத்தைக் கொடுத்தது யார் என்று பார்த்தால் எல்லாக் கோட்பாடுகளும் மௌனமாகிவிடுகின்றன. புனித மரிய மகதலேனா தேவாலயத்தைச் சுற்றி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் வீடுகளைக் காலி செய்து பள்ளித்துறைக்கு மாறினார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா கோயிலையும் தம் இல்லத்தையும் விட்டுக் கொடுத்தார். விஞ்ஞானிகள் அங்கேதான் முதலில் வேலை செய்தார்கள். நாடு என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். கொடுத்தது அந்தக் கடற்கரை ஜனங்கள்.

சரி, வாங்குபவன் என்றும் வாங்கியே கிடப்பான் என்ற மூன்றாவது கோட்பாடு என்ன ஆயிற்று? அதில் எனக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. நான் வேலையில் இருந்தபோது, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை இறுக்கும் வெளிநாட்டு இயந்திரம் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு வராததால் பல வாரம் சைடிங்கில் நின்றது. இயந்திரம் நம்முடையது, அதை ஓட வைக்கும் அதிகாரம் வேறு யாரிடமோ! பொருளை வாங்குவது வேறு, வித்தையை வாங்குவது வேறு.

சாராபாயும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்த வித்தியாசத்தை அறிந்திருந்தார்கள். பிரான்சின் சென்டார் ராக்கெட்டை உரிமம் பெற்றுத் தும்பாவிலேயே செய்தார்கள். 1974இல் பிரெஞ்சு நிறுவனத்துடன் வைக்கிங் என்ஜினுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னும் சாமர்த்தியமானது. பணத்துக்குப் பதிலாக நம் பொறியாளர்கள் பிரான்சுக்குப் போய் அவர்களோடு உழைத்தார்கள், உழைப்பினூடே கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பொக்ரானில் அணுச் சோதனை நடத்தி நாம் உலகத்தின் கோபத்துக்கு ஆளாகியிருந்தோம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அந்த வைக்கிங்கிலிருந்து பிறந்ததே நம் விகாஸ் என்ஜின். 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டிலும் இரண்டு விகாஸ் என்ஜின்கள் இருந்தன. சார்புக் கோட்பாடு இந்த இடத்தில் பாரம் தாங்கவில்லை.

ஆனால் யதார்த்தவாதம் செத்துவிடவில்லை. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் என்ஜினையும் அதன் தொழில்நுட்பத்தையும் தருவதாக 1991இல் சோவியத்தின் கிளாவ்கோஸ்மாஸ் ஒப்பந்தம் போட்டது. 235 கோடி ரூபாய் விலை. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு என்று ஏழு பணக்கார நாடுகள் 1987இல் போட்டுக்கொண்ட விதியைக் காட்டி அமெரிக்கா ஆட்சேபித்தது. மணிக்கணக்கில் குளிர்வித்து எரிபொருள் நிரப்ப வேண்டிய என்ஜினை யாரும் ஏவுகணைக்குத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று நம்மவர் சொன்னது எடுபடவில்லை. 1992 மே மாதம் இஸ்ரோ மீதும் கிளாவ்கோஸ்மாஸ் மீதும் தடை வந்தது. அதற்குள் சோவியத் யூனியனே உடைந்து, ரஷ்யா அமெரிக்க உதவியை எதிர்பார்த்து நின்றது. 1993இல் அது பின்வாங்கியது. கடைசியில் தொழில்நுட்பம் இல்லாமல் ஏழு என்ஜின்கள் மட்டும் கிடைத்தன. பலம் பேசிய இடம் இது, இதை மறுப்பதற்கில்லை.

நாடு ஒரே மனிதனைப் போல யோசித்து நடக்கும் என்பது யதார்த்தவாதத்தின் இன்னொரு அனுமானம். அதையும் நம் ஊரே பொய்யாக்கியது. வைக்கிங் வித்தையைக் கற்று வந்தவர்களில் முன்னணியில் இருந்த நம்பி நாராயணனை, கிரையோஜெனிக் வேலையில் இருந்த காலத்திலேயே, 1994இல் உளவு வழக்கில் நம் மாநிலப் போலீசே கைது செய்தது. வழக்கு பொய் என்று சி.பி.ஐ. 1996இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஐம்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒரு கை கட்டியதை மறு கை இடித்தது. இதற்கு எந்தப் புத்தகத்தில் விளக்கம் தேடுவது?

மறுக்கப்பட்ட என்ஜினை நம்மவர்கள் தாமே செய்தார்கள். வலியமலையிலும் மகேந்திரகிரியிலும் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு. 2010 ஏப்ரலில் அதைப் பொருத்திப் பறந்த முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5ஆம் தேதி வெற்றி கிடைத்தது. 2025 ஜூலை 30ஆம் தேதி, அமெரிக்காவின் நாசா நம்மோடு சேர்ந்து செய்த நிசார் செயற்கைக் கோளை விண்ணுக்கு ஏற்றியதும் இந்த வகை என்ஜின்தான். எந்த நாடு கிடைக்க விடாமல் தடுத்ததோ, அந்த நாட்டின் கருவி அதன்மேல் சவாரி செய்தது.

எங்கள் தெருவில் விண்வெளி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் உண்டு. நிசார் ஏறிய அன்று பெருமையாகப் பேசிக்கொண்டோம், இனிப்பும் வந்தது. ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பேசவில்லை. நம் கையைக் கட்டிய அதே ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் 2016 ஜூன் மாதம் இந்தியாவும் உறுப்பினராகிவிட்டது. இன்று ஏதாவது ஒரு சிறிய நாடு நம்மிடம் வந்து என்ஜின் வேண்டும், வித்தையும் வேண்டும் என்று கேட்டால், நாமும் அந்தப் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.