மேசையின் மறுபக்கத்தில் நிற்பவர்

லாச்சப்பலில் பாடல் பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கையில், "எனக்குப் பொறுமை குறைவு, அது எனக்கே தெரியும்" என்று குழுத் தலைவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். (நானும் சொல்லியிருக்கிறேன்.) தெரிந்ததால் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன மாறியது, தம்பி தங்கைகளே?

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர் அதுல் கவாண்டே. இந்தியப் பெற்றோரின் பிள்ளை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்தபின், தன் முன்னேற்றம் நின்றுவிட்டதாக உணர்ந்தார். உணர்ந்ததோடு விடவில்லை. தனக்குப் பயிற்சி தந்து ஓய்வுபெற்ற ரொபர்ட் ஒஸ்டீனை அழைத்து, தான் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். 2011இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் இதை எழுதினார்.

முதல் நாள் தைரோயிட் சத்திரசிகிச்சை. நன்றாகவே நடந்தது என்றுதான் கவாண்டே நினைத்தார். ஒஸ்டீனிடமோ குறிப்புகள் நிறைய. நோயாளியின்மேல் துணி விரித்த விதம் கவாண்டேக்கு வசதி. எதிரே நின்ற உதவியாளருக்கு இடது கையை அசைக்க இடமில்லை. மாணவி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, உதவ வழியின்றி நின்றார். விளக்கு விலகியிருந்ததைக்கூட அரைமணி நேரமாக அவர் கவனிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அந்தத் துணிதான். கொஞ்சம் இடம்விட்டு விரித்தால் உதவியாளரின் கை அசையும். அதற்குப் பெரிய பேச்சு ஒன்றும் தேவையில்லை.

வார்டில் பொறுப்பை ஒப்படைக்கும்போது நான் வேகமாகக் கதைப்பேன். புதிய தாதி ஒருவரிடம் கேட்டேன். "நான் எழுதி முடிக்கமுன் அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறீர்கள், அக்கா" என்றார். இப்போது அவர் பேனா நிற்கும்வரை நானும் நிற்கிறேன்.