வண்டிப்பேட்டை

வண்டிப்பேட்டை என்பது, மாட்டு வண்டிகளில் நெடுந்தொலைவு செல்வோர் வண்டியை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துக் கட்டி, இரவு தங்கிச் செல்வதற்காக ஒதுக்கப்பட்ட திறந்தவெளி இடத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இவை ஊராட்சிகளாலும் நகராட்சிகளாலும் பராமரிக்கப்பட்டு வந்தன. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்குவதற்கான கட்டடம் ஆகும். வண்டிப்பேட்டையோ, படுக்கையையும் சமையல் கலங்களையும் வண்டியிலேயே கொண்டு வருவோர்க்கு நிலத்தையும் நீரையும் மட்டும் அளிப்பது. இவ்வகையில் இது, இன்று பல நாடுகளில் கேரவன் எனப்படும் வீட்டு வண்டிகளில் சுற்றுலா செல்வோர் பயன்படுத்தும் இரவுத் தங்கிடங்களைப் பெரிதும் ஒத்தது எனலாம்.

பெயர்

பேட்டை என்பது ஊரை ஒட்டி வணிகத்தின் பொருட்டு அமைந்த குடியிருப்பைக் குறிக்கும் சொல். வண்டிகள் கூடும் பேட்டை வண்டிப்பேட்டை ஆயிற்று. இதனோடு தொடர்புடைய சாவடி, சத்திரம் ஆகிய சொற்களும் ஊர்ப்பெயர்களில் நிலைத்துள்ளன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள சுங்குவார்சத்திரம், பூந்தமல்லியை அடுத்துள்ள குமணன்சாவடி, வேலப்பன்சாவடி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

பின்னணி

வழிப்போக்கருக்கும் அவர்தம் கால்நடைகளுக்கும் உதவுவது தமிழ் மரபில் அறமாகக் கருதப்பட்டது. முப்பத்திரண்டு அறங்கள் என எண்ணப்படுவனவற்றுள் தண்ணீர்ப் பந்தல் வைத்தல், மாடுகள் உடலைத் தேய்த்துக் கொள்வதற்கான ஆவுரிஞ்சு கல் நடுதல் போன்றவை அடங்கும். காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் இருநாழி நெல் கொண்டு இவ்வறங்களைச் செய்ததாக மரபு கூறுகின்றது.

அரசர்களும் செல்வந்தர்களும் நெடுஞ்சாலைகளில் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் செலவுக்கு நிலங்களை விட்டுச் சென்றனர். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் இவற்றுள் புகழ் பெற்றது. 1830 - 1831 ஆண்டுகளில் சென்னையிலிருந்து காசிக்குச் சென்று மீண்ட ஏனுகுல வீராசாமி, தெலுங்கில் எழுதிய தமது பயணக் குறிப்பில் வழியிலுள்ள தங்கிடங்களைத் தொடர்ந்து பதிவு செய்துள்ளார். நீர் வசதி, கடைகள், தங்க இடம் ஆகியவை பற்றிய அவரது குறிப்புகள் பின்வரும் பயணிக்கு வழிகாட்டியாகவும் அமைந்தன.

அமைப்பு

வண்டிப்பேட்டைக்கு இன்றியமையாத கூறுகள் பின்வருமாறு:

* மழையில் சேறாகாத மேட்டு நிலம்.
* கிணறு அல்லது குளம். மாடுகள் நீர் அருந்தக் கல்தொட்டி.
* ஆல், அரசு, புளி, வேம்பு போன்ற நிழல் மரங்கள்.
* மாடு கட்டுவதற்கான முளைகளை அடிக்க இடம்.

இவற்றை ஒட்டி வைக்கோல், புண்ணாக்கு விற்போரும், மாட்டுக்கு லாடம் அடிப்போரும், சக்கரத்தின் இரும்புப் பட்டாவைச் சீர் செய்யும் கொல்லரும், தச்சரும் தொழில் நடத்தினர். ஆகவே பேட்டை தங்குமிடமாக மட்டுமன்றிப் பழுது பார்க்கும் இடமாகவும் விளங்கியது.

பயன்பாட்டு முறை

சுமை ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோமீட்டர் செல்லும். கோடையில் வெயிலைத் தவிர்ப்பதற்காக, அச்சுக்கு அடியில் லாந்தர் விளக்கைத் தொங்கவிட்டு இரவில் ஓட்டுவதும் உண்டு. பேட்டையை அடைந்ததும் முதலில் மாடுகளை நுகத்தடியிலிருந்து அவிழ்த்து, இளைப்பாறச் செய்து, நீர் காட்டித் தீனி வைப்பர். அதன் பின்னரே வண்டியோட்டி தமக்குச் சமைப்பார். வண்டியில் பரப்பிய வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகவும் மனிதருக்குப் படுக்கையாகவும் பயன்பட்டது. கூண்டு வண்டியில் பெண்களும் குழந்தைகளும் உறங்க, ஆண்கள் வண்டிக்கு அடியில் படுப்பர்.

பல வண்டிகள் சேர்ந்து தங்குவதால் திருட்டுப் பயம் குறைந்தது. மாட்டுக்குக் காலில் அடிபட்டாலோ அச்சு முறிந்தாலோ உதவி கிடைத்தது. சாலையோரத்தில் தனியே நிற்பதை விடப் பேட்டையை எட்டி விடுவதையே வண்டியோட்டிகள் விரும்பியமைக்கு இவை காரணங்களாகும்.

உத்திரமேரூர் வட்டாரம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் (கி.பி. 919, 921) அறியப்பட்ட ஊர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்கள் ஊரின் பொதுச் சொத்துக்களைக் கவனித்து வந்ததை இவை காட்டுகின்றன. இவ்வூருக்கு வடகிழக்கே உள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் மாணவர் விடுதியையும் குறிப்பிடுகின்றது. அங்குப் பணிபுரிந்தோருக்கான ஊதியமும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. பொது இடம் ஒன்றை நிறுவுவதோடு, அதன் நாள்தோறுமான செலவுக்கும் வழி செய்யும் முறை இவ்வட்டாரத்தில் தொன்மையானது என்பது இதனால் விளங்கும்.

உத்திரமேரூரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காஞ்சிபுரத்துக்குச் செல்ல செய்யாற்றையும் பாலாற்றையும் கடக்க வேண்டும். பாலங்கள் அமையாத காலத்தில் வண்டிகள் ஆற்று மணலில் இறங்கியே ஏறின. சுமை வண்டிக்கு இது எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். எனவே சென்ற அன்றே திரும்புதல் அரிது. ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையிலேயே காத்திருக்க வேண்டும். வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவைக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து குடும்பத்தோடு வண்டி கட்டிச் சென்றோருக்கும் நகரில் வண்டி நிறுத்த இடம் தேவைப்பட்டது.

சட்டமும் கட்டணமும்

சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, சத்திரங்கள் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு விடப்பட்ட கொடைகள் உரிய வகையில் செலவிடப்படுவதை மேற்பார்வையிடும் பொறுப்பை அரசின் வருவாய் வாரியத்துக்கு அளித்தது. பின்னர் வந்த உள்ளாட்சிச் சட்டங்கள் வண்டிப்பேட்டைகளை அமைக்கவும் கட்டணம் பெறவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வழங்கின. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் பொதுத் தங்கிடங்கள், வண்டிப்பேட்டைகள் பற்றிய பிரிவு உள்ளது. அதன்படி விலங்குகளும் மோட்டார் ஊர்தி உட்பட எவ்வகை ஊர்தியும் நிற்கும் இடம் இச்சொல்லில் அடங்கும். பேட்டை அமைத்த பின், அதற்கு அருகே குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு இடத்தை அதே நோக்கத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்யவும் இயலும்.

கட்டணம் பெறும் உரிமை பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைதாரர் கிணற்றையும் தொட்டியையும் பேணாத இடங்களில் வண்டிகள் பேட்டையைத் தவிர்த்துச் சாலையோரத்தில் நின்றன.

வீழ்ச்சி

20ஆம் நூற்றாண்டில் பேருந்து, லாரி, உழுவுந்து ஆகியவை பெருகியதால் மாட்டு வண்டிப் போக்குவரத்துக் குறைந்தது. பல பேட்டைகள் பேருந்து நிலையங்களாகவும் வாரச் சந்தைகளாகவும் கடை வளாகங்களாகவும் மாறின, சில ஆக்கிரமிக்கப்பட்டன. பல ஊர்களில் தெருப்பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது. ஆனால் இரவில் தங்க வேண்டிய தேவை மறையவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தப்படும் லாரிகள் மீது பிற ஊர்திகள் மோதுவது இன்றும் உயிரிழப்புக்குக் காரணமாகின்றது. 2019ஆம் ஆண்டில் 48 நாட்கள் நடைபெற்ற அத்தி வரதர் விழாவின்போது காஞ்சிபுரத்தின் புறப்பகுதிகளில் தற்காலிக ஊர்தி நிறுத்தங்கள் அமைக்க வேண்டி வந்தது.

பிற நாடுகளில்

பிரான்சில் "ஏர்" எனவும் செருமனியில் "ஷ்டெல்பிளாட்ஸ்" எனவும் வழங்கும் கேரவன் தங்கிடங்கள் பலவற்றை உள்ளாட்சிகளே நடத்துகின்றன. இவற்றில் பொதுவாகக் குடிநீர்க் குழாய், கழிவுநீர் வடிகால், கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் இடம் ஆகியவை இருக்கும். சிலவற்றில் மின் இணைப்பும் உண்டு. பல இடங்களில் ஓரிரு நாட்களுக்கு மேல் தங்க இசைவில்லை. ஊர்தியை நிறுத்தி உறங்குவது ஏற்கப்பட்டாலும், வெளியே பந்தலும் நாற்காலியும் விரிப்பது முகாமிடுதலாகக் கருதப்பட்டுத் தடுக்கப்படுவது உண்டு. ஆகவே பயணிகள் நுழைவாயிலில் உள்ள அறிவிப்பைப் படித்த பின்னரே தங்குதல் வேண்டும். நியூசிலாந்தில் 2011ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இத்தகைய தங்கலை ஒழுங்குபடுத்துகின்றது.

தமிழகச் சத்திரங்கள் பலவற்றிலும் மூன்று நாட்களுக்கு மேல் தங்க விடாத வழக்கம் இருந்தது. அடுத்து வருவோருக்கு இடம் வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

இந்தியாவில் கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அதன் முதல் கேரவன் பூங்கா 2022இல் வாகமண்ணில் திறக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* சத்திரம்
* சுமைதாங்கி
* மாட்டு வண்டி
* உத்திரமேரூர்