298ஆவது மரணத்துக்காகக் காத்திருந்தவர்கள்

அமெரிக்காவில் செல்-சை என்ற சிறிய மருந்து நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஓர் எண் மனப்பாடம். அந்த எண் 298. வாய்ப் புற்றுநோய்க்கான மல்டிகைன் என்ற ஊசிமருந்தை அந்த நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்தது. இந்தியா, இலங்கை உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மருத்துவமனைகள் பங்கெடுத்த அந்தச் சோதனையில் 928 நோயாளிகள் சேர்ந்திருந்தார்கள். மருந்து பெற்ற முக்கியக் குழுவிலும் ஒப்பீட்டுக் குழுவிலுமாகச் சேர்த்து 298 பேர் இறந்த பிறகுதான் கணக்கைத் திறந்து பார்ப்பது என்பது சோதனையின் விதி.

2016இல் கடைசி நோயாளியும் சேர்ந்துவிட்டார். 2017 போனது, 2018 போனது, 2019உம் போனது. எண்ணிக்கை 298ஐ எட்டவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் நல்ல சகுனமாகப் பட்டது. “இன்னும் 298 ஆகவில்லை என்றால் நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் வாழ்கிறார்கள். அப்படியென்றால் மருந்து வேலை செய்கிறது.” விலை இறங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்தவர்களின் தர்க்கம் இதுதான்.

மரணங்களை எண்ணிக்கொண்டு பங்கு வாங்குவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த எண்ணிக்கையை உருவாக்கியவர்கள் முதலீட்டாளர்கள் அல்ல, புள்ளியியலாளர்கள். ஒரு மருந்து ஆயுளை நீட்டுகிறதா என்பதற்கான தகவலை மரணங்கள்தான் தருகின்றன. ஆயிரம் பேரைச் சேர்த்து ஒருவரும் இறக்காத சோதனையில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. அதனால் “இத்தனை ஆண்டு கழித்துப் பார்ப்போம்” என்று முடிவுசெய்யாமல் “இத்தனை மரணம் கழித்துப் பார்ப்போம்” என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். நடுவில் எட்டிப் பார்த்து, சாதகமான நாளில் நிறுத்திக்கொள்ளும் ஆசையையும் இந்த விதி தடுக்கிறது.

பங்கு வாங்கியவர்களின் தர்க்கத்தில் ஓட்டை எங்கே? வெளியே தெரிவது மொத்த எண்ணிக்கை மட்டும். ஒரு பள்ளியின் ஏ பிரிவும் பி பிரிவும் சேர்ந்து வாங்கிய மொத்த மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு, எந்தப் பிரிவு நன்றாகப் படித்தது என்று கேட்டால் என்ன சொல்வது? குழுவுக்கு நூறு பேர், மொத்தம் எண்பது மரணம் என்று வைத்துக்கொள்வோம். அது மருந்துக் குழுவில் முப்பதும் மற்றதில் ஐம்பதுமாக இருக்கலாம், நாற்பதும் நாற்பதுமாகவும் இருக்கலாம். முதலாவதில் மருந்து வென்றது, இரண்டாவதில் தோற்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

“பழைய கணக்குப்படி இந்நேரம் நூறு பேர் இறந்திருக்க வேண்டுமே, எண்பதுதானே ஆகியிருக்கிறது” என்பார்கள். பழைய கணக்கு பழைய நோயாளிகளுடையது. சோதனையில் சேர்பவர்கள் வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல் உள்ளவர்கள். அடிக்கடி பரிசோதனைக்கு வந்து போகிறவர்கள். மருந்தே இல்லாவிட்டாலும் அவர்கள் சராசரி நோயாளியைவிடக் கூடுதலாக வாழ வாய்ப்புண்டு. இன்னொன்றும் உண்டு. வீடு மாறி, தொலைபேசி எண் மாறி, தொடர்பே அற்றுப்போகிறவர்கள் ஏட்டில் இறப்பதில்லை. அவர்களாலும் எண்ணிக்கை மெதுவாகத்தான் நகரும்.

அப்படி விட்டுப்போனவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற சிக்கலைத் தீர்த்தவர்கள் எட்வர்ட் கப்லான், பால் மேயர் என்ற இருவர். மேயர் மருத்துவக் கணக்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கப்லானின் சிக்கல் பெல் ஆய்வகத்தில் கிளம்பியது. கடலடித் தொலைபேசிக் கேபிள்களில் ஒலியைப் பெருக்க வைக்கும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே இதழுக்கு இருவரும் தனித்தனியே கட்டுரை அனுப்ப, சேர்ந்து எழுதச் சொன்னார்கள். 1958இல் வந்தது அந்தக் கட்டுரை. அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

கப்லான்-மேயர் வரைபடத்தை அருகில் வைத்துப் பாருங்கள். இடப்பக்க உச்சியில் நூறு சதவீதத்தில் தொடங்கி வலப்பக்கமாக இறங்கும் படிக்கட்டு அது. ஒவ்வொரு படியும் ஒரு மரணம். கோட்டின்மேல் ஆங்காங்கே சின்னச் சின்னக் குத்துக்கோடுகள் இருக்கும். “இவர் இதுவரை உயிரோடு இருந்தார், அதற்குமேல் நமக்குத் தெரியாது” என்பதன் அடையாளம் அவை. அப்படிப்பட்டவர், தெரிந்த நாள்வரை கணக்கில் இருந்துவிட்டு, பிறகு வகுத்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரிசை எண்கள் உண்டு. அந்தந்த மாதத்தில் எத்தனை பேர் இன்னும் கணக்கில் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். விளம்பரப் படங்களில் முதலில் காணாமல் போவது இந்த வரிசைதான். கடைசியில் ஐந்து பேர்தான் மிச்சம் என்றால், அவர்களில் ஒருவர் இறந்ததும் கோடு தன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சரியும். வலது ஓரத்தில் தட்டையாக நீளும் வாலைக் கண்டு மயங்குகிறவர்கள் இந்த எண்ணை அவசியம் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த வால் வெறும் மாயை அல்ல. மல்டிகைனும் சேர்ந்த இம்யூனோதெரபி என்ற சிகிச்சை வகையின் அதிசயமே அங்கேதான் இருக்கிறது.

கீமோதெரபி மருந்து புற்றுச் செல்லை நேரடியாகத் தாக்குகிறது. பலன் இருந்தால் இரண்டு குழுக்களின் கோடுகளும் சீக்கிரமே பிரியும். இம்யூனோதெரபி புற்றுச் செல்லைத் தொடுவதில்லை; உடலின் காவலைத் தட்டி எழுப்புகிறது. டென்ட்ரிட்டிக் செல் என்று ஒன்று உண்டு. கிளை விரித்த உருவம் கொண்ட அதை நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோனுடன் சேர்ந்து 1973இல் உலகுக்குக் காட்டினார். அது அந்நியப் புரதத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே குவிந்திருக்கும் டி செல்களிடம் காட்டும். கோடிக்கணக்கான டி செல்களில் அந்தத் துணுக்குக்குப் பொருந்தும் சிலவே விழித்துக்கொள்ளும். அவை பெருகி, படையாகி, கட்டியைத் தேடிப் போக வாரங்களும் மாதங்களும் ஆகலாம். அதுவரை இரண்டு கோடுகளும் ஒட்டியே ஓடும், பிறகுதான் பிரியும். அதன்பின் சிலருக்கு அந்தப் படை ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடும். முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பெற்ற 1,861 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்றாம் ஆண்டில் சுமார் 21 சதவீதத்தில் கோடு தட்டையானது. அந்த மருந்துக்கு வழிவகுத்த ஜேம்ஸ் ஆலிசனுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தாமதம் வல்லுநர்களையே ஏமாற்றியிருக்கிறது. இபிலிமுமாப்புக்கு அண்ணன் தம்பி போன்ற டிரெமலிமுமாப் மருந்தின் மெலனோமா சோதனையை ஃபைசர் 2008இல் இடைக்கணக்கைப் பார்த்து, பலனில்லை என்று நிறுத்திக்கொண்டது. இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆகவே “பொறுத்திரு, வால் வரும்” என்ற சிறு முதலீட்டாளரின் நம்பிக்கையை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த நம்பிக்கைக்கு வேதப்புத்தகமாக இருந்தது புரோவெஞ்ச் என்ற மருந்தின் கதை. சியாட்டிலின் டென்ட்ரியான் நிறுவனம் தயாரித்தது, புராஸ்டேட் புற்றுநோய்க்கானது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் புற்றுப் புரதத்தை அடையாளம் காட்டி, சுமார் மூன்று நாளில் அவர் உடலுக்கே திருப்பி ஏற்றுவார்கள். இப்படி மூன்று முறை. 127 பேர் கொண்ட முதல் சோதனையில் விநோதமான முடிவு வந்தது. நோய் முற்றுவதைத் தள்ளிப்போடுவதே முதன்மை இலக்கு. அதில் மருந்து தேறவில்லை. ஆனால் மருந்து பெற்றவர்கள் நாலரை மாதம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். 2007 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, பலன் இருக்கிறது என்று 13க்கு 4 என வாக்களித்தது. மே மாதம் நிர்வாகம் “இன்னும் ஆதாரம் வேண்டும்” என்றது. பங்கு விழுந்தது. நோயாளிகளும் முதலீட்டாளர்களும் கொதித்தார்கள். எதிர்த்து வாக்களித்த மருத்துவர்களுக்கு மிரட்டல் வரும் அளவுக்குப் போனது.

அடுத்த சோதனையில் 512 பேர். நடுமதிப்பு ஆயுள், மருந்து பெற்றவர்களுக்கு 25.8 மாதம், மற்றவர்களுக்கு 21.7. நாலு மாத வித்தியாசம் மறுபடியும் வந்தது. 2010 ஏப்ரல் 29இல் அனுமதி கிடைத்தது. நம்பிப் பங்கை விடாமல் வைத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள். என் பார்வையில் நிர்வாகமும் செய்தது சரிதான். 127 பேரில் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய நாலு மாதம், 512 பேரில் திரும்பி வந்த பிறகுதான் உண்மையானது. ஆனால் முதலீட்டாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு: அதிகாரிகள் தவறுவார்கள், பொறுமை வெல்லும்.

அந்தப் பாடத்தோடு பலர் போய்ச் சேர்ந்த இடம் நார்த்வெஸ்ட் பயோதெரப்யூட்டிக்ஸ். கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டிக்கு டிசிவாக்ஸ்-எல் என்ற டென்ட்ரிட்டிக் செல் தடுப்பூசி. நோயாளியின் கட்டியையே அரைத்து, அவருடைய செல்களுக்கே காட்டித் தயாரிப்பது. மொத்தம் 331 பேர். 232 பேருக்குத் தடுப்பூசி, 99 பேருக்குப் பிளாசிபோ என்ற போலி மருந்து. கட்டி திரும்ப வந்தால் பிளாசிபோ பெற்றவர்களும் தடுப்பூசிக்கு மாறிக்கொள்ளலாம் என்று கருணையோடு ஒரு விதி வைத்தார்கள். அந்தக் கருணைதான் கணக்கைக் கெடுத்தது. 2018இல் குழு பிரிக்காத மொத்தத் தரவை வெளியிட்டபோது, சேர்ந்தவர்களில் 86.4 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழு பெயரளவில்தான் மிஞ்சியது.

2022 நவம்பரில் இறுதிக் கட்டுரை வந்தபோது ஆயுளை ஒப்பிட, வேறு சோதனைகளின் ஒப்பீட்டுக் குழுக்களிலிருந்து 1,366 பேரை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். புதிதாக நோய் கண்டவர்களின் நடுமதிப்பு ஆயுள் 19.3 மாதம், வெளிக் குழுவுக்கு 16.5. ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 13 சதவீதம். வெளிக் குழுவில் 5.7. வால் தெரிகிறது. ஆனால் டிசிவாக்ஸ் சோதனைக்குள் வர, கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையையும் ஆறு வாரக் கதிர்வீச்சையும் கடந்து, அதற்குள் நோய் தலைதூக்காமலும் இருக்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குமுன்பே தேர்வு நடந்துவிடுகிறது. வெளிக் குழுவினரும் அதே சல்லடையில் சலிக்கப்பட்டவர்களா என்பதில்தான் நிபுணர்களின் சண்டை. பொருத்தம் பார்த்துத்தான் எடுத்தோம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரு தரப்பையும் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: மருந்து சிலருக்குப் பலனளித்திருக்கக்கூடும், அதை ஐயமற நிரூபிக்கும் வாய்ப்பை அந்தச் சோதனை தானே கைநழுவ விட்டுவிட்டது.

ஸ்டைன்மனின் கதையும் இதையேதான் சொல்கிறது. 2007இல் அவருக்குக் கணையப் புற்றுநோய் வந்தது. தான் கண்டுபிடித்த செல்களைக் கொண்டே செய்த தடுப்பூசிகளைத் தன் உடலில் செலுத்திக்கொண்டார். பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டாத நோயில் நாலாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 2011 செப்டம்பர் 30இல் இறந்தார். அது தெரியாமலே நோபல் குழு அக்டோபர் 3இல் அவருக்குப் பரிசை அறிவித்தது. தடுப்பூசிதான் அவரைக் காப்பாற்றி வைத்திருந்ததா? ஒரே ஒருவர் கலந்துகொண்ட சோதனையில் ஒப்பிட ஆள் ஏது.

298க்கு வருவோம். 2020 மே மாதம் செல்-சை அந்த எண்ணை எட்டிவிட்டதாக அறிவித்தது. முடிவு வெளிவந்தது 2021 ஜூன் 28இல். எல்லோரையும் சேர்த்துப் பார்த்ததில் ஆயுள் நீளவில்லை. பங்கு கடுமையாகச் சரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு மட்டும் பெற்று, கீமோ பெறாதவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 62.7 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 48.6 என்று நிறுவனம் எடுத்துக்காட்டியது. இந்தப் பிரிவை முன்பே திட்டத்தில் எழுதியிருந்தோம் என்றும் சொன்னது. கவனிக்க வேண்டியது ஒன்று. மல்டிகைன் போடுவது அறுவை சிகிச்சைக்கு முன்னால். யாருக்குக் கீமோ வேண்டும் என்று முடிவாவது பின்னால். மருந்து போட்ட பிறகு பிரிந்த குழுக்களை ஒப்பிடும்போது, குலுக்கல் முறையில் பிரித்ததன் பலன் கரைந்துபோகக்கூடும்.

டென்ட்ரியான் முதலீட்டாளர்களுக்கு என்ன ஆயிற்று? புரோவெஞ்சின் ஒரு முழுச் சிகிச்சைக்கு 93,000 டாலர் விலை வைத்தார்கள். மருத்துவர்கள் வாங்கத் தயங்கினார்கள். 2011 ஆகஸ்டில் விற்பனை முன்கணிப்பை நிறுவனம் திரும்பப் பெற்றபோது ஒரே நாளில் பங்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. 2014 நவம்பரில் திவால் மனு. மருந்து வேறு நிறுவனங்களின் கைக்குப் போய்த் தொடர்ந்து விற்பனையானது. சாதாரணப் பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மருந்தைப் பற்றி அவர்கள் நினைத்தது சரி, பங்கைப் பற்றி நினைத்தது தவறு.

நம்மூரிலும் இப்போது மருந்துப் பங்குகளில் பணம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். முதன்மை இலக்கு என்ன, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுக்கிறார்கள், எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். அறிக்கையில் சொல்லும் இலக்கும் பதிவேட்டில் உள்ள இலக்கும் வேறாக இருந்தால், ஏன் என்று தெரியும்வரை பணத்தைப் போடாதீர்கள்.