சிறிய கடல்நீர்த் தொட்டி: விளக்கும் மீனும்

வீட்டில் வைக்கும் கடல்நீர் மீன்தொட்டி இரண்டு வகைப்படும். ஒன்று மீன்களுக்கு மட்டுமானது. மற்றொன்றில் பவளமும் மீனும் சேர்ந்து வாழும். எந்த விளக்கை வாங்குவது, எத்தனை மீன் விடுவது என்ற இரண்டும் இந்தத் தேர்வைப் பொறுத்தவை. சிங்கப்பூரில் தண்ணீரின் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் முதல் துணைநகரமாக 1950களில் எழுந்த குவீன்ஸ்டவுனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய வீடுகளின் கூடம் பெரிதல்ல. அங்கே 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி தாராளமாக அடங்கும். கணக்குப்படி அதன் கொள்ளளவு 96 லிட்டர். மணலும் பாறையும் பிடிக்கும் இடம், மேலே விடும் இடைவெளி இரண்டையும் கழித்தால், நிற்கும் தண்ணீர் 75 முதல் 80 லிட்டர்தான். இருந்தாலும் கண்ணாடி, பாறை, மணலோடு அதன் எடை 100 கிலோவைத் தாண்டும். ஆகவே தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல், உறுதியான நிலைமேசையில் சுவரோரமாக வைப்பது நல்லது. மாலை வெயில் விழும் மேற்கு சன்னலருகே வைத்தால் தண்ணீர் சூடேறும், பாசியும் படரும்.

மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு விளக்கு நம் கண்ணுக்காகவே தேவை. பகல் எது, இரவு எது என்று மீனுக்குத் தெரிந்தால் போதும்; எளிய எல்இடி விளக்கே அதற்கு மிகுதி. பவளத்துக்கோ ஒளிதான் உணவு. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்ச் சேருகிறது. ஒளி குறைந்தால் பவளம் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து மெலியும்.

எல்லா ஒளியும் பவளத்துக்கு ஒன்றல்ல. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடும். நீல ஒளிதான் ஆழத்துக்கு இறங்கும். பவளத்தின் நுண்பாசியும் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள நீலப் பகுதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். பவளத் தொட்டி விளக்குகள் நீலம் தூக்கலாக எரிவது இதனால்தான்.

ஒளியின் அளவை விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டைக் கொண்டு மதிப்பிட முடியாது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி எவ்வளவு விழுகிறது என்பதைத் தண்ணீருக்குள் ‘பார்’ மீட்டரை இறக்கி அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று அது காட்டும். காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். சதைப்பற்றான பெரிய வாய் கொண்ட கல்பவளங்களும் ஏறத்தாழ இதே அளவில் வாழும். கிளைவிடும் அக்ரோபோரா போன்றவை 200 முதல் 350 வரை கேட்கும். புதிதாகத் தொட்டி வைப்பவர் அவற்றைத் தள்ளிவைப்பதே நல்லது.

சிங்கப்பூரின் சொந்தப் பவளங்களும் மங்கிய ஒளியில் வாழப் பழகியவை. அந்நாட்டுக் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் பதிவாகியுள்ளன. வண்டல் கலங்கிய அந்த நீரில் பல நாள் இரண்டு மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. அதனால் பவளங்கள் பெரும்பாலும் முதல் சில மீட்டர் ஆழத்திலேயே நின்றுவிடுகின்றன. குவீன்ஸ்டவுனுக்குத் தெற்கே லாப்ரடார் கரையோரம் உள்ள பவளத்திட்டிலும் இதே நிலைதான்.

விளக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் எரிந்தால் போதும். நிலநடுக்கோட்டருகே பகல் பன்னிரண்டு மணி நேரம் என்றாலும், காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்தே விழுகிறது. நேரத்தைத் தானியங்கி விசையிடம் விட்டுவிட்டால் நாளுக்கு நாள் மாறாது. புதிய பவளத்தை முழு ஒளியில் வைத்தால் வெளுத்துவிடும். முதலில் பாதி ஒளியில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தொடக்க வாரங்களில் கண்ணாடியில் பழுப்புப் படலம் படர்வது இயல்பு; ஒளி நேரத்தைக் குறைத்தால் அடங்கும்.

சூட்டுக்கு வருவோம். தொட்டித் தண்ணீர் 25 முதல் 28 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. சிங்கப்பூரில் பகல் வெப்பம் 31, 32 பாகையைத் தொடும். கடலே அளவுமீறிச் சூடான 1998, 2010, 2016 ஆண்டுகளில் அங்குள்ள பவளங்கள் பரவலாக வெளுத்தன. முன்பு பயன்பட்ட மெட்டல் ஹேலைடு விளக்குகள் தண்ணீரைக் கொதிக்கவிடாத குறையாகச் சூடேற்றின. அவற்றின் இடத்தை எல்இடி பிடித்ததற்கு மின்செலவோடு இதுவும் காரணம். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி ஓடவிட்டால் ஓரிரு பாகை குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த நீரை உப்பில்லாத நீரால் அன்றாடம் ஈடுசெய்ய வேண்டும். உப்பின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராமில் நிற்க வேண்டும். விசிறி போதாத இடத்தில் நீர்க்குளிரூட்டி தேவைப்படும். அது வெளியே தள்ளும் சூடு அறைக்குள்தான் வரும்.

மீன் விடுவதற்கு முன் தொட்டி ‘பழுக்க’ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். பாறையிலும் மணலிலும் இவை பெருக நேரம் வேண்டும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே முதல் மீன். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் இருக்கும். நீரை ஒருநாள் ஆறவைத்தால் அது போகாது. அதை நீக்கும் மருந்தோ, ஆர்ஓ வடிகட்டியோ தேவை.

நன்னீர்த் தொட்டிக்குச் சொல்லும் மீன் கணக்கு இங்கே செல்லாது. 28 பாகையில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நச்சும் கூடுதல். ஆகவே 80 லிட்டர் நீருக்கு மூன்று அல்லது நான்கு சிறு மீன்களே அளவு.

புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு ஏற்றது கோமாளி மீன். சிங்கப்பூர்க் கடலிலேயே வாழும் இனம் அது. தமிழ்நாட்டின் மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி மையம் உட்படப் பல இடங்களில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கியுள்ளனர். அப்படி வளர்ந்த மீன் தொட்டிக்கு எளிதில் பழகும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே தொடங்கும். இணையில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் அளவில் சற்று வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை வாங்கினால் இணை அமையும். கடலில் அவை தங்கும் கடற்சாமந்தி தொட்டியில் இல்லாமலும் அவை நலமாக வாழும். கடற்சாமந்திக்கு வலுவான ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும்.

கோமாளி இணையோடு ஒரு கோபி மீனும் ஒரு ஃபயர்ஃபிஷும் சேர்க்கலாம். ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும் இயல்புடையது; தொட்டிக்கு வலைமூடி கட்டாயம். சாதுவான மீனை முதலிலும் இடத்துக்குச் சண்டையிடும் மீனைக் கடைசியிலும் விட வேண்டும். இந்தக் கூட்டத்தில் கோமாளிக்கே கடைசி இடம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் இடையே சில வாரம் விட்டால் பாக்டீரியாவும் அதற்கேற்ப வளர்ந்துகொள்ளும்.

சில மீன்கள் சிறு தொட்டிக்கு ஆகாதவை. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தால் புகழ்பெற்ற நீல டாங் 30 செ.மீ. வரை வளரும். மாண்டரின் மீன் நுண்ணிய ஓட்டுயிர்களை நாள் முழுதும் கொத்தித் தின்னும். சிறு தொட்டியில் அவை தீர்ந்ததும் பட்டினிதான். டாம்செல் மீன் மலிவாகக் கிடைத்தாலும் பிற மீன்களை ஓட ஓட விரட்டும்.

புதிய மீனைத் தனித்தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்ப்பது வெண்புள்ளி நோயைத் தடுக்கும். அந்நோய்க்கான தாமிர மருந்து பவளத்தையும் இறாலையும் கொல்லும் என்பதால், சிகிச்சையும் தனித்தொட்டியில்தான் நடக்க வேண்டும்.

கல்பவளமும் கடற்குதிரையும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவில் கல்பவளம் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், மன்னார் வளைகுடாப் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். தொட்டி வேண்டாம் என்றாகிவிட்டால் மீனைக் கடையிலோ வேறொரு வளர்ப்பவரிடமோ கொடுக்க வேண்டும். அனுமதியின்றி உயிரினங்களை வெளியே விடுவதைச் சிங்கப்பூரின் காட்டுயிர்ச் சட்டம் தடைசெய்கிறது.