கொலைகாரன் முகத்தைக் காட்டாதே! பிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள் கொளுத்திய திரி

ஏழாயிரம்பண்ணை—

சரவெடிக்கு நெருப்பு வைத்ததும் கூட்டம் எதைப் பார்க்கிறது? வெடியையா? இல்லை, திரியை!

சுர்ர்ரென்று பொறி ஊர்ந்து போகிறது. காதைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறார்கள். இதோ... இதோ... அந்த நாலைந்து வினாடிதான் வேடிக்கை. வெடித்த பிறகு தெருவில் கிடப்பது காகிதக் குப்பை.

ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். திரி குட்டையாக இருந்தால் கொளுத்துகிறவன் கதி அதோகதி. ரொம்ப நீளமாகிப் போனால், "என்னலே, நமுத்துப்போச்சா?" என்று எவனாவது கிட்டே போய்க் குனிவான். அதுவும் ஆபத்துதான்.

மர்மப் படத்தின் ஆரம்பக் காட்சியும் இதே கணக்குதான். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு, கோடம்பாக்கம் என்ற கோட்டைக்குள் நுழைந்தார்கள் சில மாணவர்கள். படம்: "ஊமை விழிகள்". வருஷம் 1986.

கேலி

சென்னை தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. இப்போது எம்.ஜி.ஆர். பெயரில் நடக்கிறது. அந்தக் காலத்தில் "அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்" என்றால்தான் பலருக்குத் தெரியும்.

அங்கே படித்துவிட்டு வருகிறவர்கள் என்றால் சினிமாக்காரர்களுக்கு ஒரு இளக்காரம். "இன்ஸ்டிட்யூட் பசங்களா? ஒரு கிழவி நடந்து போறதைப் பத்து நிமிஷம் காட்டுவாங்கப்பா. போட்ட காசு வராது" என்பதுதான் பொதுவான பேச்சு.

பையன்கள் கிழவியைத்தான் காட்டினார்கள். தியேட்டரே நடுங்கியது!

ஆபாவாணனும் அரவிந்த்ராஜும் அந்தக் கல்லூரியின் வார்ப்புகள். மாணவர்களாக எடுத்த குறும்படத்தின் பெயர் "மர்டர் எக்கோ". கொலையின் எதிரொலி! பெயரைக் கேட்டாலே திக்கென்கிறதல்லவா? அந்தச் சின்னப் படம்தான் பெரிய படத்துக்கு விதை. கதை, திரைக்கதை ஆபாவாணன். டைரக்ஷன் அரவிந்த்ராஜ். அதுவும் சாதாரண அளவில் அல்ல, சினிமாஸ்கோப்பில்!

இவர்களை நம்பி வந்தவர் மதுரையில் வளர்ந்த விஜயகாந்த். படம் வெளியானது 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அவருக்கு 34 வயது நிரம்ப இன்னும் பத்து நாள் பாக்கி. அந்த வயதில் தலையில் நரையை ஏற்றிக்கொண்டு, டி.எஸ்.பி. தீனதயாளனாக வந்து நின்றார். டூயட் கிடையாது. வேறு ஹீரோவாக இருந்தால் "நமக்கு எதுக்குங்க இந்த வயசான வேஷம்?" என்று கும்பிடு போட்டிருப்பார்.

மேஜைக்கு அடியில் குண்டு

கதை என்ன? கடற்கரையோரம் ஒரு பிக்னிக் இடம். சிரித்துக்கொண்டு வரும் பெண்கள் மாயமாகிறார்கள். யார் செய்வது? ஏன் செய்வது?

மர்மப் படத்துக்கென்று சில பழைய சட்டங்கள் உண்டு. சுடுகாட்டில் பயம் காட்டினால் யாரும் பயப்பட மாட்டான். அவன்தான் தயாராக உட்கார்ந்திருக்கிறானே! பயம் வரவேண்டிய இடம் பிக்னிக் இடம், கல்யாண வீடு, குளியலறை. கொலைகாரனின் காலைக் காட்டலாம், நிழலைக் காட்டலாம், செருப்புச் சத்தத்தைக் கேட்கவிடலாம். முகத்தை மட்டும் காட்டக்கூடாது.

இன்னொரு சட்டத்தை இங்கிலாந்தில் பிறந்த டைரக்டர் ஆல்பிரட் ஹிட்ச்காக் அழகாக விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. ரசிகனுக்குச் சில வினாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டு மேஜைக்கு அடியில் இருப்பதை முதலிலேயே ரசிகனுக்குக் காட்டிவிட்டால்? பேசுகிறவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதே வெட்டிப்பேச்சு கால் மணி நேரம் போனாலும் நாற்காலி நுனியில்தான் உட்கார வேண்டும்.

வெடியை விடத் திரி பெரிது என்பதை ஹிட்ச்காக் இப்படிச் சொன்னார்.

கையில் காசு இல்லாத மாணவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. காட்டாமல் விடுவதற்குச் செலவே இல்லையே! கோடி கோடியாகக் கொட்டியவர்களும் இதில்தான் பிழைத்தார்கள். 1975-ல் வந்த "ஜாஸ்" படத்துக்கு எந்திரச் சுறா செய்து கடலில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அது மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை நகர்த்தினார். ஆரம்பக் காட்சியில் ஒரு பெண் கடலில் நீந்துகிறாள். ஏதோ அவளைப் பிடித்து இழுக்கிறது. சுறா கண்ணில் படவே இல்லை. உலகமே கடலில் கால் வைக்கப் பயந்தது!

தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. 1954-ல் எஸ்.பாலசந்தர் டைரக்ட் செய்த "அந்த நாள்" துப்பாக்கிச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. சுடப்பட்டு விழுகிறவர் யார்? சிவாஜி கணேசன்! கதாநாயகனை ஆரம்பத்திலேயே சாகடித்துவிட்டு, சுட்டது யார் என்று தேடவிட்டார்கள். அந்தக் காலத்தில் பாட்டே இல்லாத தமிழ்ப்படம். என்ன துணிச்சல்!

அதே கண்கள்

இங்கே ஒரு வேடிக்கை. 1967-ல் வந்த "அதே கண்கள்" மர்மப் படத்தின் கதாநாயகன் ரவிச்சந்திரன். 19 வருஷம் கழித்து "ஊமை விழிகள்" படத்தில் வில்லனே அவர்தான். முதல் படத்தின் பெயரிலும் கண், இரண்டாவது பெயரிலும் கண்!

இந்தப் படத்தில் துப்புத் துலக்கப் புறப்படுகிறவர்கள் நிருபர்கள். ஆசிரியராக வருகிறவர் ஜெய்சங்கர். பத்திரிகை ஆபீஸ்களில் இந்தப் படத்தின்மேல் தனிப் பாசம் இருந்தால் ஆச்சரியமில்லை.

படம் ஓடியது. இளக்காரமும் ஓடியது. ஆபாவாணன், அரவிந்த்ராஜ் பெயர்கள் போஸ்டரில் நிலைத்தன. 2016-ல் "துருவங்கள் பதினாறு" எடுத்த கார்த்திக் நரேன் என்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர். அவரும் பிடித்தது மர்மக் கதையைத்தான்.

திசை எது?

இப்போது படமெடுக்க செல்போன் போதும். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் மர்மப் படம் எடுக்க நினைத்தால் முதலில் என்ன தோன்றும்? "வெடியைப் போடுவோம்லே! நம்மூர்ல இல்லாத மருந்தா?"

வேண்டாம் தம்பி! லைசென்ஸ் இல்லாமல் மருந்தைத் தொடுவது குற்றம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இந்த மண்ணில் வெடிச்சத்தம் வேடிக்கை அல்ல.

வெடியைக் காட்டவே வேண்டாம். இதை யோசித்துப் பார்க்கலாம்.

காலை நேரம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. தூரத்தில் "டம்" என்று ஒரு சத்தம். பாத்திரம் லேசாக அதிர்கிறது. அவள் அப்படியே வாசலுக்கு ஓடிவருகிறாள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து நிற்கிறாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். புகை எந்தத் திசையில்?

"உங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கத்தா, மேக்கயா, கெழக்கயா?"

செல்போனை அழுத்துகிறாள். மணி போய்க்கொண்டே இருக்கிறது. எடுக்க ஆளில்லை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது இந்த வட்டாரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். போன் ஒலிப்பது வீட்டிலேயே, ஆணியில் மாட்டிய சட்டைப் பையில்!

குழம்பு தீய்கிறது. தெருமுனையில் ஆலை வண்டி வரும் சத்தம். நிற்கிறது. கதவு திறக்கிறது. ஒரு கால் இறங்குகிறது...

முகத்தைக் காட்டாதே தம்பி. அந்த இடத்தில் டைட்டிலைப் போடு!