தசை தனக்கென வைத்திருக்கும் இருப்பு

மூச்சிரைக்க ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் தசைக்கு முதன்மையான எரிபொருள் கிளைகோஜன். சோறு, இட்லி, வாழைப்பழம் என எதிலிருந்து வந்தாலும் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. அப்போதைய தேவை போக மிஞ்சியது கோத்துக் கோத்துக் கிளைகோஜனாகிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். உடலில் கொழுப்பு கிலோக்கணக்கில் உண்டு. ஆனால் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் கிடைக்கும்; கடும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

கிளைகோஜனின் இந்தப் பங்கைக் கண்முன் காட்டியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன். 1966-ல் வெளியான அவர்களது சோதனையின் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரே சைக்கிளின் இருபுறமும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஒற்றைக் காலால் ஓய்ந்துபோகும்வரை மிதித்தார்கள். பிறகு தொடையில் ஊசி செலுத்தித் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் ஏறக்குறையக் காலி. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. கிளைகோஜனை மீண்டும் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கு அனுப்பும் நொதி தசையில் இல்லை. அதனால் ஒரு கால் மறுகாலுக்குக் கடன் தர முடியாது. அடுத்த மூன்று நாளும் மாவுச்சத்து நிறைந்த உணவு. உழைத்த காலில் இருப்பு மற்ற காலைப்போல் இரு மடங்குக்கு ஏறியது!

அடுத்த ஆண்டு இன்னொரு சோதனை. ஒன்பது பேர் மூன்று விதமான உணவுக்குப் பின் ஒரே கடுமையில் சைக்கிள் மிதித்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் சாப்பிட்டபோது சராசரியாக ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கலப்புணவில் சுமார் 114 நிமிடம். மாவுச்சத்து மிகுந்த உணவில் சுமார் 167 நிமிடம்.

இருப்பு தீர்ந்த தசை அடியோடு நிற்பதில்லை, வலுவிழக்கிறது. தசையிழை சுருங்க அதனுள் கால்சியம் வெளிப்பட வேண்டும். கிளைகோஜன் குறைந்தால் அதுவும் குறைகிறது. கல்லீரலின் இருப்பும் தீர்ந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வழியிலேயே மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்வது இதனால்தான்.

புரதத்தின் முக்கிய வேலை தசையைப் பழுதுபார்ப்பது. மாவுச்சத்தின் இடத்தை அது நிரப்பாது. அரை மணி நேர நடைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. தினமும் கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள் மட்டும் முடித்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். தசை குளுக்கோஸை வேகமாக உள்ளிழுப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். காலியான இருப்பு முழுதாக நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.