உடல்நலமும் மனநிம்மதியும்: தங்கச்சிமடம் கடற்கரையை முன்வைத்து

நலம் என்பது நோயற்ற நிலை மட்டுமன்று; உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நிறைவாக இருப்பதே நலம் என்று 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் வரையறுக்கிறது. இதில் 'சமூக வாழ்வு' என்பதைப் பலரும் வாசித்துக் கடந்துவிடுகின்றனர். பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள தங்கச்சிமடம் போன்ற மீனவர் ஊரில் அதுதான் முதலில் நிற்கிறது.

இரவும் உறக்கமும்

இப்பகுதி விசைப்படகுகள் காலையில் புறப்பட்டு, இரவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் காலை கரை சேர்பவை. பாக் நீரிணையில் 1974-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு சில மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடும். அதைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். (எதிர்க்கரைத் தமிழ் மீனவருக்கும் நிம்மதியில்லை, நம் இழுவைமடிகள் அவர்களின் வலைகளை அறுத்துச் செல்கின்றன என்பதையும் சொல்லவேண்டும்.)

அச்சம் வந்தால் அட்ரினலின், கார்டிசால் ஆகிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன. சில நிமிடங்களுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடித்தால் உறக்கம் கெடுகிறது, நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. கரையில் காத்திருப்பவர் உடலிலும் நடப்பது இதுவே. தங்கச்சிமடம் மீனவர் ஐவர் போதைப்பொருள் கடத்தல் வழக்கில் 2011 நவம்பரில் கைதாகி, 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அடுத்த மாதமே விடுதலையாயினர். அந்த மூன்று ஆண்டுகளும் அவர்கள் வீடுகளில் உறக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

உடலிலிருந்து மனத்துக்கு

எதிர்த்திசையிலும் இத்தொடர்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்குகின்றனர். பாறையில் கை கிழிந்தாலோ காது வலித்தாலோ அன்றைய வருமானம் போயிற்று. கடன் வாங்க நேர்கிறது; கடன் உறக்கத்தைக் கெடுக்கிறது; உறக்கமற்ற உடலில் வலி கூடுதலாகத் தெரிகிறது.

ஓய்வு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையன்று. முன்பு 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது உடலுக்கு ஓய்வு, மடியில் பணமில்லை. அரசின் நிவாரணத் தொகை உதவுகிறது, ஆனால் பள்ளிக் கட்டணமும் படகுப் பழுதும் ஒன்றாகச் சேரும் காலம் அதுதான்.

ஆகவே இக்கரையில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதும் மருத்துவர், எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், யார் கடலில் இருக்கிறார் என்றும் கேட்பது நல்லது. மனச்சுமையைத் தமிழிலேயே பேச, 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண் இரவும் பகலும் இயங்குகிறது.